பக்கெட் சீட்டில் எங்கே துளையிடுவது?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதை ஒன்று அங்கே இருக்கிறது. போர் முடிந்ததும் அந்தக் கான்கிரீட் பரப்பு கார்ப் பந்தயக்காரர்களுக்கு வாய்த்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. 'டி' எழுத்து வடிவத் தடம், ஓரத்தில் திரண்ட பல்லாயிரம் பார்வையாளர்கள் என்று 1980-களின் பிற்பகுதி வரை தென்னிந்தியப் பந்தயத்தின் தலைநகராக இருந்தது திருவள்ளூர் மாவட்டத்தின் இந்தச் சிற்றூர்தான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தபின் சோழவரம் ஓய்ந்தது.

சோழவரத்தில் பந்தயம் தொடங்கிய ஐம்பதுகளில் உலகின் பல தடங்களில் ஓட்டுநர்கள் பெரும்பாலும் பெல்ட் கட்டியதில்லை. கவிழ்ந்து தீப்பிடித்த காருக்குள் மாட்டிக்கொள்வதைவிட வெளியே தூக்கி எறியப்படுவது மேல் என்றே அன்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தகர்த்த சோதனைகளுள் ஒன்று பந்தயத் தடத்தில் நடக்கவே இல்லை. 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில், விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் ராக்கெட் பொருத்திய சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தார். அந்த வேகத்திலிருந்து வண்டி நிற்க ஒன்றரை விநாடிகூட ஆகவில்லை. அவர் உடல் தாங்கிய அதிகபட்ச வேகக்குறைவு, புவியீர்ப்பைப்போல 46 மடங்கு. கண்களில் இரத்தம் கட்டியது. ஆனால் உயிரோடு எழுந்தார். தோள், இடுப்பு, மார்பு என்று வலுவான எலும்புகளின்மேல் அகலமான பட்டைகளால் சரியாகக் கட்டப்பட்ட மனித உடல், அதுவரை நினைத்ததைவிடப் பன்மடங்கு தாங்கும் என்பது அன்று தெளிவாயிற்று.

1959-இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் இன்று நாம் கட்டும் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். 1972-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஆறு முனை பெல்ட் கட்டாயமானது. அது கட்டாயமாகி ஐந்தாண்டுகளில் சில்வர்ஸ்டோன் தடத்தில் டேவிட் பர்லியின் கார் மணிக்கு 173 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி வெறும் 66 சென்டிமீட்டர் தொலைவில் நின்றது. கணக்குப்படி ஏறத்தாழ 180 மடங்கு புவியீர்ப்பு. பல எலும்புகள் முறிந்தும் பர்லி பிழைத்தார், மீண்டும் காரும் ஓட்டினார்.

ஹார்னஸ் எனப்படும் இந்தப் பல முனை பெல்ட் தனியாக வேலை செய்வதில்லை. அதற்குப் பின்னால் அதற்கென்றே செய்த இருக்கை வேண்டும், அதைப் பிடித்துக்கொள்ளச் சரியான இடத்தில் வலுவான இரும்பு வேண்டும். சாதாரண ஸ்போர்ட்ஸ் கார் இருக்கையில் ஹார்னஸ் மாட்ட நினைக்கும் எவரும் முதலில் கேட்பது 'எங்கே துளை போடுவது' என்றுதான். கேள்வி எளியது. பதில் காரின் தரைத்தகடு வரை நீளும்.

திருவள்ளூர் வட்டாரத்துக்கு இந்த வேலையோடு ஓர் உறவு உண்டு. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னாளில் அதே ஆலையிலிருந்து சீடியா வந்தது. இப்போது அங்கே சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. லான்சரும் சீடியாவும் வீட்டுக்கார்களாகவே விற்பனைக்கு வந்தவை. ஆனால் இந்திய ராலிகளில் அவை ஓடியபோது உள்ளே வீட்டுக்காரின் அடையாளம் எதுவும் மிஞ்சியிருக்காது. பின்சீட்டு, கம்பளம், கதவு அட்டை எல்லாம் கழற்றப்படும். கூரைக்கும் தரைக்கும் இடையே குழாய்க்கூண்டு பற்றவைக்கப்படும். இருக்கை மாறும், பெல்ட் மாறும், இரண்டும் பிடித்திருக்கும் இடமும் மாறும். ஒரே தொடராகச் செய்யப்படும் வேலை அது.

இன்று பட்டறைக்கு வரும் இளைஞர்கள் கேட்பது அந்தத் தொடரின் ஒரு கண்ணியை மட்டும். ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்று நின்ற காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. கார் நொறுங்கியிருந்தது, அவர் தானே இறங்கி நடந்தார். சில நாளில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அவரைக் காத்தது பெல்ட் மட்டுமன்று. கூண்டு, ஓடுபோன்ற இருக்கை, ஆறு முனை ஹார்னஸ், தலைக்கவசம், கழுத்துக் காப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன. கடையில் தொங்கும் சிவப்பு ஹார்னஸைப் பார்ப்பவர் கண்ணுக்கு மற்ற நான்கும் தெரிவதில்லை.

முதலில் இருக்கை. பந்தயத்துக்கான பக்கெட் சீட் ஒரே ஓடாக இருக்கும். கண்ணாடியிழையிலோ கரியிழையிலோ வார்த்தது. முதுகு சாயாது, மடங்காது. தோளுக்கு இரண்டு, இடுப்பின் இருபுறம் இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்று என்று வார்க்கும்போதே துளைகள் விட்டிருப்பார்கள். சாலைக்கான ஸ்போர்ட்ஸ் சீட் வேறு. பார்வைக்குப் பக்கவாட்டில் தடித்த திண்டு இருக்கும். உள்ளே இரும்புச் சட்டம், கம்பிச் சுருள், மெத்தென்ற பஞ்சு, முதுகைச் சாய்க்கும் பற்சக்கரம். சிலவற்றில் தலைசாய்ப்புக்குக் கீழே துளைபோன்ற அலங்காரக் குழி இருக்கும். பெரும்பாலும் அது துணிக்குமேல் ஒட்டிய பிளாஸ்டிக் வளையம்தான், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் இடம் அன்று.

தோள் துளையின் உயரம்தான் முதல் கணக்கு. பெல்ட் தோளின் மேலிருந்து பின்னோக்கி ஏறத்தாழக் கிடையாகச் செல்ல வேண்டும். பன்னாட்டு வாகனக் கூட்டமைப்பின் விதி கீழ்நோக்கிய சாய்வு கிடைக்கோட்டிலிருந்து 45 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது. 10 பாகைக்குள் இருப்பதே நல்லது என்றும் அறிவுறுத்துகிறது. காரணத்தை எளிய கணக்கால் பார்க்கலாம். மோதலில் ஒரு தோள் பெல்ட்டில் 400 கிலோ இழுவிசை வருகிறது என்று வைப்போம். பெல்ட்டின் பின்பகுதி 10 பாகை சாய்ந்திருந்தால் அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை சுமார் 70 கிலோ. 45 பாகை சாய்ந்திருந்தால் அதே பெல்ட் 280 கிலோவுடன் அழுத்தும். தோள்கள் இரண்டு. அந்தச் சுமை முழுதும் இறங்குவது முதுகெலும்பில். பின்சீட்டு பெல்ட் போல்ட்டில், அதாவது தரைக்குப் பக்கத்தில், தோள் பெல்ட்டைக் கொண்டுபோய் மாட்டும் சில பட்டறைகளின் பழக்கம் ஏன் ஆபத்து என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும். சாயும் முதுகுள்ள சீட்டில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: கீழ்நோக்கி இழுக்கும் பெல்ட் இருக்கையின் முதுகையும் மடக்கப் பார்க்கும். பற்சக்கரம் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

தொடை நடுவே வரும் துளையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சீட்டின் குஷனைக் கிழிக்க மனம் வருவதில்லை. நான்கு முனை ஹார்னஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான்கு முனை பெல்ட்டில் தோள் பெல்ட்கள் இரண்டும் இடுப்பு பெல்ட்டின் பூட்டில் சேர்கின்றன. மோதலில் தோள் முன்னே போக, பூட்டு மேலே இழுபடுகிறது. இடுப்பு எலும்பின்மேல் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறுகிறது. உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவி முன்னே சறுக்குகிறது. அப்போது முழு விசையையும் வாங்குவது குடலும் கல்லீரலும் மண்ணீரலும். மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு சறுக்கலும் கூடும். பந்தய இருக்கையில் மெல்லிய, கெட்டியான நுரையை வைப்பதற்குக் காரணம் இதுவே. ஐந்தாவது, ஆறாவது பட்டைகளின் வேலை வேறெதுவும் இல்லை; பூட்டைக் கீழே பிடித்து வைப்பது மட்டும்தான். ஆகவே இந்தத் துளை இல்லாத இருக்கையில் ஹார்னஸ் மாட்டவே கூடாது என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை.

இடுப்பு பெல்ட் இருக்கையின் பக்கச் சுவருக்கு மேலே ஏறி வரக் கூடாது, அதை ஊடுருவி வர வேண்டும் என்பதும் விதி. மேலே ஏறி வந்தால் தடித்த திண்டு பெல்ட்டை உடலிலிருந்து தூக்கிப் பிடிக்கும். கட்டும்போது இறுக்கமாகத் தெரியும். மோதலில் திண்டு நசுங்கியதும் தளர்ந்துவிடும். பெல்ட் படிய வேண்டிய இடம் இடுப்பெலும்பின் மேடும் தொடையும் சேரும் மடிப்பு. துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அதுவே பெல்ட்டை அறுக்கும். ஆகவே வழவழப்பான வளையம் பொருத்த வேண்டும். பன்னாட்டு அங்கீகார முத்திரை பெற்ற இருக்கையில் தன் விருப்பத்துக்குப் புதுத் துளை போட்டால் அந்த அங்கீகாரம் அத்தோடு போயிற்று. ஓடு எங்கே விசையைத் தாங்கும்படி இழைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

துளை சரி, பெல்ட்டின் மறுமுனை எங்கே?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பிக் கட்டு ஏற்றிப் புறப்படும் லாரியைப் பார்த்தவர்களுக்கு இதன் பதில் தெரியும். சங்கிலியை வண்டியின் உடலோடுதான் பூட்டுவார்கள், சுமையோடு சுமையைக் கட்டமாட்டார்கள். ஹார்னஸ் விஷயத்திலும் பன்னாட்டு விதி இதையே கண்டிப்பாகச் சொல்கிறது: பெல்ட்டை இருக்கையிலோ இருக்கையின் தாங்கியிலோ மாட்டக் கூடாது, காரின் உடலில், அடிச்சட்டத்தில் அல்லது கூண்டில் மாட்ட வேண்டும். இருக்கையில் மாட்டினால் ஓட்டுநரின் எடையோடு இருக்கையின் எடையையும் நான்கு சிறு போல்ட்டுகள் தாங்க வேண்டிவரும்.

எவ்வளவு தாங்க வேண்டும்? 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அரை மீட்டரில் நிற்கிறார் என்றால் புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 20 மடங்கு வேகக்குறைவு. விசை 13,500 நியூட்டன்; அதாவது சுமார் 1,375 கிலோ எடை. அது சராசரி மட்டுமே. உச்ச விசை இதைவிடக் கூடும். பன்னாட்டு விதி தோளுக்கும் இடுப்புக்கும் உரிய ஒவ்வொரு பிடிமுனையும் தனித்தனியே 14,700 நியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. தொடை நடுவே வரும் கவட்டுப் பட்டைக்கு 7,200 நியூட்டன்.

போல்ட் இதைத் தாங்கும். தலையில் 8.8 என்று பொறித்த 12 மில்லிமீட்டர் போல்ட் அறுந்துபோக ஆறு டன்னுக்கு மேல் நேராக இழுக்க வேண்டும். தோற்பது போல்ட் அன்று, அது நிற்கும் தகடு. பெரும்பாலான கார்களின் தரைத்தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதில் துளையிட்டுக் கீழே ஒரு சிறு வாஷர் போட்டு நட்டை முறுக்கினால், மோதலில் வாஷரோடு போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் ஒவ்வொரு புதிய பிடிமுனைக்கும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுத் தகட்டை அடியில் வைக்கச் சொல்கிறார்கள். உள்ளங்கையில் பாதியளவுகூட வராத ஓர் இரும்புத் துண்டு. அதன் விலையைக் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் காரின் அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் இருப்பதால் முதலில் விட்டுப்போவது அதுதான்.

தோள் பெல்ட்டைக் கிடையாகக் கொண்டுபோக இருக்கைக்குப் பின்னே ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். இந்தக் குழாய்க்கும் விதி உண்டு: தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த கரி எஃகு, 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும் அல்லது 40-க்கு 2. குழாய் என்றால் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அந்நியமில்லை. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955 முதல் வாகனங்களுக்கான துல்லியக் குழாய்களைச் செய்துவருகிறது. கும்மிடிப்பூண்டியில் எஃகை உருக்கி உருட்டும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆயினும் எல்லா எஃகும் ஒன்றல்ல. கட்டடக் கம்பி கான்கிரீட்டுக்குள் இழுவிசை தாங்கப் பிறந்தது. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் நீளவாக்கில் பற்றவைத்த தையலோடு வருவது. வளைத்தால் அந்தத் தையலில் விரிசல் விடக்கூடும், பூச்சின்மேல் பற்றவைத்தால் பற்று கெடும். வர்ணம் அடித்தபின் அதற்கும் தையலற்ற குழாய்க்கும் வேறுபாடு தெரியாது. கூண்டு கட்டித் தருபவரிடம் குழாய் வாங்கிய சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல பட்டறைக்காரர் கேட்காமலே எடுத்துக் காட்டுவார்.

உடலை இவ்வளவு இறுக்கிக் கட்டியபின் தலை மட்டும் கட்டின்றி நிற்கிறது. தலையும் கவசமும் சேர்த்து 6 கிலோ என்று கொண்டால், 50 மடங்கு வேகக்குறைவில் கழுத்து பிடித்து நிறுத்த வேண்டியது 300 கிலோ. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவது இப்படித்தான். மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்விசையியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹப்பர்டும் அவர் மைத்துனர், பந்தய வீரர் ஜிம் டவுனிங்கும், 1981-இல் நண்பர் ஒருவர் இப்படி இறந்ததைத் தொடர்ந்து 'ஹான்ஸ்' என்னும் கழுத்துக் காப்பை உருவாக்கினார்கள். தோளில் அமரும் நுகம் போன்ற அதைத் தோள் பெல்ட்கள் அழுத்திப் பிடிக்கும். அதிலிருந்து இரு வார்கள் தலைக்கவசத்தைப் பிடிக்கும். கருவி தயாராகியும் பல வீரர்கள் நெடுங்காலம் அதை ஏற்கவில்லை. 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவில் அமெரிக்காவின் பெரும் வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். மண்டையோட்டு அடி முறிவு. அவர் காரின் இடுப்பு பெல்ட் அறுந்திருந்ததை விசாரணை கண்டறிந்தது: சரிகட்டும் கொக்கியில் பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி, விசை முழுதும் ஓர் ஓரத்தில் குவிந்திருக்கிறது. பெல்ட்டின் கோணம் சற்றுப் பிசகினாலும் இது நேரலாம் என்பதால் பொருத்தும் வேலையில் 'ஏறத்தாழச் சரி' என்று எதுவும் கிடையாது. அந்த ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் பந்தயத்திலும் 2003-இல் ஃபார்முலா 1-இலும் கழுத்துக் காப்பு கட்டாயமானது.

இனிச் சாலைக்கு வருவோம். வீட்டுக்காரின் மூன்று முனை பெல்ட்டை எளிய பொருளாக நினைப்பது பெரும் பிழை. மோதிய சில மில்லிவிநாடிகளில் ஒரு சிறு வெடிமருந்து அதை இறுக்குகிறது; மார்பில் அழுத்தம் அளவு கடந்தால் உள்ளிருக்கும் முறுக்குத் தண்டு முறுகிக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது; உடல் முன்னே வந்து காற்றுப்பையில் மெல்ல அமர்கிறது. தலைக்கவசம் இல்லாத, கழுத்துக் காப்பு இல்லாத மனிதருக்காகக் கணக்கிட்ட ஏற்பாடு இது. ஹார்னஸில் விட்டுக்கொடுக்கும் பகுதி கிடையாது, பட்டை நீள்வதைத் தவிர. அதை மாட்டிய சாலைக் காரில் உடல் நிற்கும், தலை மட்டும் பாயும். கார் கவிழ்ந்தால் கூண்டு இல்லாத கூரை கீழே நசுங்கும். பக்கவாட்டில் சாய இடமின்றி நிமிர்ந்து கட்டுண்ட ஓட்டுநரின் தலைமேல்.

சீட்டை மாற்றும்போதே சில பாதுகாப்புகள் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. இன்றைய பல கார்களில் பெல்ட்டின் பூட்டு இருக்கைச் சட்டத்தோடு இணைந்தது. பக்கக் காற்றுப்பை இருக்கையின் திண்டுக்குள்ளே இருக்கிறது. சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் இணைப்பு அதற்கானது. அதைக் கழற்றினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஒரு ரெசிஸ்டரை மாட்டி அந்த விளக்கை அணைத்துத் தரும் கடைகள் உண்டு. விளக்கு அணையும், காற்றுப்பை திரும்பி வராது. சட்டமும் இதற்குத் துணையில்லை: உற்பத்தியாளரின் மூல வடிவிலிருந்து மாறுபடும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சாலையும் தடமும் ஒரே காருக்கு வேண்டும் என்றால் என்ன வழி? போர்ஷே தன் 911 ஜிடி3 காரின் 'கிளப்ஸ்போர்ட்' தொகுப்பில் செய்திருப்பதைப் பார்க்கலாம். முன்சீட்டுகளுக்குப் பின்னே போல்ட்டால் பொருத்திய கூண்டு, தோள் துளையுள்ள ஓடு இருக்கை, ஓட்டுநருக்கு ஆறு முனை ஹார்னஸ், தீயணைப்பான். கூடவே வழக்கமான மூன்று முனை பெல்ட்டும் அதன் இடத்தில் இருக்கிறது. சாலைக்கு அது, தடத்துக்கு இது. கார் செய்தவரே அளந்து, சோதித்துச் செய்தது என்பதுதான் அதன் மதிப்பு.

அப்படி வராத காரில் ஓட்டத்தின் ஆசை இருப்பவர்கள் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போகட்டும். தடத்துக்கென ஒரு காரை முழுதாக, கூண்டிலிருந்து கழுத்துக் காப்பு வரை, கட்டட்டும். காசு போதவில்லை என்றால் ஆலை கொடுத்த பெல்ட்டோடும் இருக்கையோடும் காரை அப்படியே வைத்திருப்பதே பாதுகாப்பு. ஏற்கெனவே ஹார்னஸ் மாட்டியிருப்பவர்கள் இந்த வாரமே காரை ஜாக்கியில் தூக்கி அடியில் பாருங்கள்: போல்ட் தலையில் 8.8 இருக்கிறதா, அதன் பின்னே தகடு இருக்கிறதா, பட்டையில் தைத்த லேபிளில் காலாவதி ஆண்டு என்ன. ஒரு பெரிய மோதலைக் கண்ட பட்டை, வெயிலில் வெளுத்த பட்டை, ஓரம் பிசிறிய பட்டை எதுவானாலும் கழற்றி எறிய வேண்டும். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய ஹார்னஸை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.